ஏழு நிமிசத்துக்குள்ள ஒரு மைல்

வயசுக்குப் பரவாயில்லை எண்டு சொல்லுவினம். பொம்பிளைக்கு இது நல்ல நேரம் எண்டுவினம். ரெண்டு பிள்ளை பெத்த உடம்புக்கு இது பெரிய காரியம் எண்டு ஒருத்தி சொன்னாள், அவளும் பொம்பிளைதான். நான் ஒரு மைல் ஓடி முடிச்சு, முழங்காலில கையை ஊண்டி மூச்சு வாங்கிக்கொண்டு நிக்கேக்குள்ள, அது நல்ல நேரமோ இல்லையோ எண்டு நேராச் சொல்ல இந்த லண்டனில எனக்கு ஒரு மனிசர் இல்லை. கண்டறியாத பரவாயில்லை. எனக்கு நாப்பத்திமூண்டு வயசு. மிச்சம் எண்டுற இடத்தில ஒரு பார்மசியில வேலை. விடிய எழும்பிக் கொமன் எண்டுற பெரிய புல்வெளியைச் சுத்தி ஓடிப்போட்டுத்தான் வேலைக்குப் போறனான்.

நானும் என்ர மனிசன் சஞ்சயனும் யாழ்ப்பாணத்தில ஒரே பள்ளிக்கூடத்திலதான் படிச்சனாங்கள். அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக்கு இஞ்சை ஒரு கிளை இருக்கு. ஒவ்வொரு கோடைக்கும் கவுன்சில் மைதானம் ஒண்டை வாடகைக்கு எடுத்து விளையாட்டுப் போட்டி வைப்பினம். இல்லக் கொடி, அணிவகுப்பு, மட்டன் ரோல்ஸ், விடாமல் கத்துற மைக், எல்லாம் ஊரில மாதிரி. ஆம்பிளையளுக்கு நூறு மீட்டர், நானூறு மீட்டர், ஒரு மைல். கலியாணம் கட்டின பொம்பிளையளுக்கு தேசிக்காயும் கரண்டியும், ஊசியில நூல் கோக்கிறது, சங்கீதக் கதிரை. தாலி ஏறின உடன எங்களுக்குக் கால் இல்லாமல் போயிடுமோ எண்டு நான் வருசா வருசம் இவரிட்டைப் பொரிஞ்சு தள்ளுவன். இவர் சிரிச்சுப்போட்டுப் போயிடுவார்.

பார்மசியில என்னோட வேலை செய்யிற சிவமலரும் அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். என்னை விடப் பத்து வயசு இளமை, கொஞ்சம் பெருத்த உடம்பு. என்னைப் பார்த்துத்தான் ஓடத் துவங்கினவள். ஒரு மைலுக்குப் பத்து நிமிசம் வேணும், முகமெல்லாம் சிவந்துபோடும், ஆனா நடுவில நிக்கமாட்டாள். அவளும் அவளின்ர கூட்டாளியள் ரெண்டு மூண்டு பேரும்தான் என்னை உசுப்பி விட்டவை. பொம்பிளையளுக்கும் மைல் வைக்கச் சொல்லிக் கேளுங்கோ அக்கா, நீங்கள் கேட்டால் குடுப்பினம், நாங்களும் ஓடுவம் எண்டு ஒரே ஆக்கினை.

கேட்டன். போன ஐப்பசியில பாலேந்திரா அண்ணை வீட்டில நிர்வாகக் கூட்டம் நடந்தது. அண்ணையும் மிச்சம் பக்கம்தான் பலசரக்குக் கடை வைச்சிருக்கிறார், சங்கத்துக்கு எப்ப பார்த்தாலும் அவர்தான் தலைவர். நான் கேட்டு வாய் மூட முந்தி அங்கை பட்டிமன்றம் துவங்கீட்டுது. பொம்பிளையளுக்கு மைல் வைக்கிறதெண்டால் முதல் அவைக்கு எது நல்ல நேரம் எண்டு தெரியவேணுமாம். பதினாறு வயசுப் பெடியனுக்கு அஞ்சரை நல்லது எண்டார் ஒருத்தர். இல்லை, ஊரில வெறுங்காலோட அஞ்சு நிமிசத்தில ஓடினவங்கள் எண்டார் இன்னொருத்தர். நாப்பது தாண்டின ஆம்பிளை ஏழு நிமிசத்தில முடிச்சாலே நெஞ்சை நிமித்தலாம் எண்டு பல் டொக்டர் ஒருத்தர் சொன்னார், அவர் அவ்வளவு நேரத்திலயும் ஓடமாட்டார். ஒருத்தர் போனில தேடி, என்ர வயசுப் பொம்பிளை ஒன்பது பத்து நிமிசத்தில ஓடினாலே நல்லம், ஏழெண்டால் கெட்டிக்காரி எண்டு வாசிச்சார். ஓடுறவள் முன்னால இருக்கிறன், என்னட்டை ஒரு சொல் கேக்கேல்லை. தேத்தண்ணி மட்டும் தந்தவை.

கடைசியில பாலேந்திரா அண்ணை தீர்ப்புச் சொன்னார். "தங்கச்சி, நீர் வாற போட்டியில ஆம்பிளையளோட சேர்ந்து மைல் ஓடும். ஏழு நிமிசத்துக்குள்ள முடிச்சுக் காட்டும். அடுத்த வருசம் பொம்பிளையளுக்கெண்டு தனி மைல் வைக்கிறன்."

எனக்கு ஏலாது எண்டு நினைச்சுத்தான் அந்த ஏழைச் சொன்னவர். அவற்ற முகத்திலயே தெரிஞ்சது. ஓம் எண்டு சொல்லிப்போட்டு எழும்பி வந்தன்.

பனிக்காலம் முழுக்க ஓடினன். அப்ப எனக்கு ஏழு இருவதுக்குக் கிட்ட எடுத்தது. அந்த இருவது செக்கனைக் குறைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கணுக்கால் வீங்கி, பார்மசியில நாள் முழுக்க நிண்டு, பின்னேரம் கால் கடுகடுக்க வந்து சமைச்சு, திரும்ப விடிய சப்பாத்தைக் கொழுவிக்கொண்டு போறது. பங்குனி போகேக்க ஏழு பத்து. ஆனியில ஒரு நாள் ஆறு ஐம்பத்தைஞ்சு வந்தது. ரோட்டில தனிய நிண்டு அழுதனான், நாயோட வந்த வெள்ளைக்காரக் கிழவர் சுகமோ எண்டு கேட்டார்.

சஞ்சயனும் என்னைப் பார்த்து ஓட வெளிக்கிட்டவர். அவருக்கு நாப்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில தான் மைலை அஞ்சு நிமிசத்தில ஓடினது எண்டு கலியாணம் கட்டின நாள் துவங்கி எனக்குச் சொல்லுறார். இஞ்சை ஆறு நாப்பதுக்குக் கீழை அவருக்கு இறங்கேல்லை. எங்கட மூத்த மகள் விதுஷா, பதினைஞ்சு வயசு, அப்பான்ர அஞ்சு நிமிசக் கதையைத் துவங்கினாலே காதுக்குள்ள இயர்போனைச் செருகிப்போடுவாள். அது அவருக்குச் சுடுறது. வெளியில காட்டமாட்டார்.

போட்டியண்டு காலமை அவற்ற மணிக்கூட்டில சார்ஜ் இல்லை. ஓடின தூரம், நேரம் எல்லாம் பதியுற மணிக்கூடு. என்ரயைத் தாரும் எண்டு கேட்டார், கழட்டிக் குடுத்தன். எனக்கு என்னத்துக்கு? என்ர நேரம் சங்கத்தின்ர மணிக்கூட்டில ஏறவேணும், அதுதானே பேச்சு.

பிரதம விருந்தினருக்குக் காலமை பத்து மணி எண்டு சொல்லியிருந்தவை. எங்கட சங்கத்தில பத்து எண்டால் பன்னிரண்டு, அது எல்லாருக்கும் தெரியும். பத்து எண்டு அழைச்சால்தான் ஆக்கள் பன்னிரண்டுக்காவது வருவினம். அதால மைல் ஓட்டத்தைப் பத்துக்கு வைச்சு, விளக்கேத்திறதைப் பன்னிரண்டுக்கு வைச்சிருந்தவை. ஆனா இந்த முறை வந்த விருந்தினர் லெட்சுமணன் எண்டு ஒரு சிங்கப்பூர்த் தமிழர், பெரிய வங்கி ஒண்டில வேலை. அந்த மனுசனுக்கு எங்கட மணிக்கணக்கு ஆரும் சொல்லிக் குடுக்கேல்லை.

நாங்கள் ஒன்பது பேர் கோட்டில நிண்டம், சஞ்சயனோட சேர்த்து எட்டு ஆம்பிளையளும் நானும். சுத்துக்கு நானூறு மீட்டர், நாலு சுத்து ஓடினாலும் ஒரு மைலுக்கு ஒன்பது மீட்டர் குறையும், அதால கோட்டுக்குப் பின்னால ஒன்பது மீட்டர் தள்ளி நிண்டு துவங்கவேணும் எண்டு நான் பாலேந்திரா அண்ணைக்கு முதலே சொன்னனான். ஒன்பது மீட்டரில என்ன கிடக்கு எண்டார். நான் மட்டும் பின்னால தள்ளிப்போய் நிண்டன். வெக்கப்படாமல் முன்னுக்கு வாங்கோ அக்கா எண்டு மைக்கில சொல்லுகினம். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

விசில் அடிச்சுது. ஆம்பிளையள் வழமை மாதிரி முதல் சுத்திலயே உயிரைக் குடுத்து ஓடிச்சினம். நான் என்ர பாட்டில ஓடினன். எண்ணுறதும் மணி அடிக்கிறதும் பாலேந்திரா அண்ணை, நேரம் எடுக்கிறது பல் டொக்டர். ரெண்டாவது சுத்து முடியுற நேரம் பார்த்தால் வாசலில ஒரு கறுப்புக் கார் வந்து நிக்குது, கோட் சூட்டோட லெட்சுமணன் இறங்குறார். அவருக்குப் போடுற பூமாலை இன்னும் வான் வண்டிக்குள்ள கிடக்கு. விளக்குக்கு எண்ணெய் விடேல்லை. பாலேந்திரா அண்ணை அங்கையும் இஞ்சையும் பார்த்துப் பதறி, மணியை அடிச்சுப்போட்டார். கடைசிச் சுத்து எண்டதுக்கு அடிக்கிற மணி அது.

விருந்தினரை வரவேற்க அடிக்கினம் எண்டுதான் நான் முதலில நினைச்சன். ஆனா முன்னுக்கு ஓடின பிரியந்தன் மணிச்சத்தத்தைக் கேட்ட உடன பிச்சுக்கொண்டு பறந்தான். மற்றவையும் அவனுக்குப் பின்னால. மூண்டாவது சுத்து முடிவில எல்லாரும் கையைத் தூக்கிக்கொண்டு புல்லில விழுந்திச்சினம். நான் கோட்டுக்கு வரேக்குள்ள பல் டொக்டர் "அஞ்சு பத்து, அஞ்சு பத்து" எண்டு கத்துறார். முடிஞ்சுது, நில்லும் தங்கச்சி எண்டு பாலேந்திரா அண்ணை கையை ஆட்டுறார்.

உண்மையைச் சொல்லுறன், அந்த இடத்தில நான் நிக்கப் பார்த்தனான். நிண்டால் சரி. ஏழுக்குள்ள எண்டு கேட்டவை, அஞ்சு பத்து எண்டு அவையே எழுதப் போகினம். சிவமலருக்கும் மற்றப் பிள்ளையளுக்கும் அடுத்த வருசம் மைல் இருக்கும். ஆனா நான் இவ்வளவு நாளும் குளிருக்குள்ள விழுந்தெழும்பி ஓடினது மூண்டு சுத்துக்கு இல்லை. எனக்கு என்ர நேரம் வேணும். நிக்காமல் ஓடினன்.

ஐயோ, அந்தச் சுத்து. ஸ்பீக்கரில நாதஸ்வரம் போட்டிட்டினம். வளைவில ஒரு குடும்பம் பிள்ளை வண்டிலைத் தள்ளிக்கொண்டு குறுக்க போகுது. விலத்துங்கோ விலத்துங்கோ எண்டு கத்திக்கொண்டு ஓடினன். சனமெல்லாம் வாசலுக்குப் போயிட்டுது. லெட்சுமணன் மட்டும் மாலையோட நிண்டு, "ஓடிட்டே இருக்காங்களே, அந்தம்மா யாரு?" எண்டு கேட்டது எனக்குக் கேட்டது. ஆரோ பகிடி விட்டுச் சிரிச்சினம். நான் கோட்டைத் தாண்டி, அங்காலை இங்காலை பார்த்தால் கோட்டில ஒரு குருவி இல்லை. பல் டொக்டர் மணிக்கூட்டைச் சட்டைப் பையில போட்டுக்கொண்டு விளக்கேத்தப் போயிட்டார். எனக்கு ஆறு ஐம்பதும் இருக்கலாம், ஏழுக்கு மேலயும் போயிருக்கலாம். இண்டை வரைக்கும் எனக்குத் தெரியாது.

விளக்கேத்தி முடியிற வரைக்கும் பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டிட்டு, நேராப் பாலேந்திரா அண்ணையிட்டைப் போனன். மூண்டு சுத்துத்தான் ஓடினது, மணி பிழைச்சுப் போச்சுது எண்டன். அண்ணை என்ர தோளில தட்டி, களைப்பில எண்ணிக்கை பிழைக்கிறது சகசம் தங்கச்சி எண்டார். அப்ப பிரியந்தன் எவ்வளவில முடிச்சவன் எண்டு கேட்டன். நாலு நிமிசம் அஞ்சு செக்கனாம். நாப்பது வயசு, குரோய்டனில பஸ் ஓட்டுறவன், நாலு அஞ்சில ஒரு மைல். அப்பிடியெண்டால் இவனை ஒலிம்பிக்குக்கெல்லோ அனுப்பவேணும் எண்டன். அனுப்பத்தான் வேணும், எங்கட பள்ளிக்கூடத்துப் பெடியன் எல்லோ எண்டு நாலு பேர் கை தட்டிச்சினம். பிரியந்தன் என்ர முகத்தைப் பார்க்கேல்லை. ரோல்ஸ் எடுக்கப் போறன் எண்டு நழுவீட்டான்.

எனக்கு அப்பதான் என்ர மணிக்கூட்டு ஞாபகம் வந்தது. அது பொய் சொல்லாது. சஞ்சயனைப் பார்த்தன். நல்ல வெயில், மனுசன் ஜாக்கெட்டைப் போட்டு அதின்ர கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டிருக்கிறார். நீங்கள் சொல்லுங்கோ எண்டன், எல்லாருக்கும் முன்னால. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நாலு சுத்துத்தான் எண்டார்.

அவரை இழுத்துக்கொண்டு ரோல்ஸ் விக்கிற கூடாரத்துக்குப் பின்னால போனன். மணிக்கூட்டைத் தாங்கோ எண்டன். கழட்டித் தந்தார். உள்ளுக்கு ஒண்டும் இல்லை, அண்டைக்கு ஓடின ஓட்டமே இல்லை.

"எங்கை?"

"அழிச்சுப்போட்டன்."

"ஏன்?"

ஜாக்கெட்டுக் கையை மேல சுருட்டினார். பிறகு சொன்னார். "ஒண்டு தசம் ரெண்டு கிலோமீட்டர் எண்டு கிடந்தது. மூண்டு சுத்துத்தான், எனக்குத் தெரியும். ஆனா எனக்கு அஞ்சு நிமிசம் எண்டு மைக்கில சொன்ன நேரம் விதுஷா ஓடி வந்து கட்டிப் பிடிச்சவள். அப்ப அது உண்மைதானே அப்பா எண்டு கேட்டவள். நான் என்ன சொல்ல? உமக்கும் அஞ்சு பத்து தந்திருக்கினம், நீர் கேட்ட மைல் உமக்குக் கிடைக்கப் போகுது. இதை விடுமன், சயந்தினி."

நான் கேட்டது இதில்லை எண்டன். வேற என்ன கேட்டனீர் எண்டார். அந்தாள் விளங்காமல்தான் கேட்டார், அதுதான் எனக்கு இன்னும் கோவம். பதினேழு வருசம் ஒண்டாக் குடும்பம் நடத்தின மனுசன், நான் விடிய விடிய எழும்பி ஓடினதைப் பக்கத்தில படுத்திருந்து பார்த்த மனுசன். அவரை அங்கையே விட்டிட்டு வந்தன். மகளைப் பார்த்தால் ஓடி முடிச்சவைக்கு உடனயே குடுத்த பதக்கத்தில தகப்பன்ரயைத் தன்ர கழுத்தில போட்டுப் படம் எடுக்கிறாள். அவளிட்டைப் போய் உன்ர அப்பா பொய் சொல்லுறார் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை.

பரிசளிப்பில பாலேந்திரா அண்ணை மைக்கைப் பிடிச்சார். இண்டைக்கு எங்கட சங்கம் ஒரு சரித்திரம் படைச்சிருக்கு, எங்கட தங்கச்சி சயந்தினி ஒரு மைலை அஞ்சு நிமிசம் பத்து செக்கனில ஓடி முடிச்சிருக்கிறா, சொன்ன சொல்லை நான் காப்பாத்துறன், அடுத்த வருசம் பொம்பிளையளுக்கும் மைல் உண்டு எண்டார். பொம்பிளையள் பக்கத்தில ஒரே ஆரவாரம். சிவமலர் கதிரையில ஏறி நிண்டு விசில் அடிக்கிறாள்.

எனக்கு மேடைக்குப் போகாமல் இருக்க ஏலேல்லை. போனன். கேடயத்தை வாங்கேல்லை, மைக்கை வாங்கினன். "ஆரும் குறை நினைக்காதேங்கோ. நான் ஒரு மைலை அஞ்சு பத்தில ஓடேல்லை. என்னால ஓடவும் ஏலாது. ஓடினது மூண்டு சுத்து. நாலாவது சுத்து நான் தனிய ஓடினனான், அதுக்கு ஆரும் நேரம் எடுக்கேல்லை."

பாலேந்திரா அண்ணை என்ர கையில இருந்து மைக்கை மெதுவா வாங்கினார். முகம் முழுக்கச் சிரிப்பு. பாருங்கோ, இதுதான் எங்கட பள்ளிக்கூடம் சொல்லிக் குடுத்த தன்னடக்கம் எண்டார். சனம் எழும்பி நிண்டு கை தட்டுது. லெட்சுமணன் கண் கலங்கி, இவ்வளவு திறமை இருந்தும் இப்படிப் பேசுறாங்களே, பிள்ளைங்க இதைக் கத்துக்கணும் எண்டார். அந்த மனுசனில எனக்குக் கோவம் இல்லை. நேரத்துக்கு வந்தது ஒரு குற்றமோ?

சஞ்சயனும் கை தட்டினவர்.

பிறகுதான் மற்றது வந்தது. கூட்டத்தில எது நல்ல நேரம் எண்டு ஆளுக்கு ஆள் அடிபட்டம், இண்டைக்கு எங்களுக்கு விடை கிடைச்சிட்டுது எண்டார் பாலேந்திரா அண்ணை. எங்கட பொம்பிளையளால அஞ்சு பத்தில ஓடேலும். அதால அடுத்த வருசப் பொம்பிளையளின்ர மைலுக்கு அஞ்சரை நிமிசத்துக்குள்ள ஓடக்கூடியவை மட்டும் பேர் குடுக்கலாம், சங்கத்தின்ர தரம் குறையக்கூடாது எண்டார். நாலாவது சுத்தும் சேர்த்தால் அங்கை நிண்ட ஆம்பிளையள் ஒருத்தருக்கும் அது ஏலாது.

கீழை வந்தன். பொம்பிளையள் பக்கத்தில சத்தம் நிண்டிட்டுது. சிவமலர் கதிரையால இறங்கி என்னட்டை வந்தாள். நெத்தி வேர்த்திருந்தது. என்ர ரெண்டு கையையும் பிடிச்சாள்.

"அக்கா, நீங்கள் கொஞ்சம் மெதுவா ஓடியிருக்கலாம்."

கோவத்தில சொல்லேல்லை. பாவம், மெல்லமாத்தான் சொன்னாள். நான் மூண்டு சுத்துத்தானடி, சத்தியமா மூண்டுதான், எனக்கும் அது ஏலாது எண்டன். அவள் என்னைப் பார்த்துச் சிரிச்சாள், சனம் எழும்பி நிண்டு கை தட்டேக்குள்ள சிரிச்ச அதே சிரிப்பு.

"ஓமக்கா," எண்டாள். "நீங்கள் அப்பிடித்தான் சொல்லுவீங்கள்."